கையையும் காலையும் கற்றுத்தருகிறது, ஆளைக் காட்டத் தவறுகிறது

அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கல்லூரி அணிகளின் ரிசீவர்களுக்காகவும் (எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடும் ஆட்டக்காரர்கள்) அவர்களைப் பழக்கும் பயிற்சியாளர்களுக்காகவும் தயாரிக்கப்பட்டு, ஆண்டுச் சந்தாவுக்கு இணையத்தில் விற்கப்படும் ஒரு காணொளித் தொகுப்பை இந்த சீசன் முழுவதும் பார்த்துவந்தேன். ஒருவருக்குப் பந்தைக் குறுகிய தொலைவில் எறிந்துவிட்டு மற்றவர்கள் அவருக்கு வழிவிடும்படி எதிரணியினரை மறிக்கும் ஸ்கிரீன் பாஸ் ஆட்டங்களில் ரிசீவர்கள் எப்படி பிளாக் செய்ய வேண்டும், அதாவது எதிராளியை மறிக்க வேண்டும், என்பது ஒன்றுதான் அதன் பொருள். பந்தைப் பிடிப்பதற்கும் வகுத்த தடத்தில் ஓடுவதற்கும் பயிற்சிக் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கையில், பந்து தன் கைக்கு வராத ஆட்டத்தில் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கென்று தனியாக ஒன்று வந்திருப்பது வரவேற்கத்தக்கது. நான் பயிற்சியாளன் அல்லன். சனிக்கிழமைகளில் ஆட்டம் பார்க்கும் ரசிகன். நான் பின்தொடரும் அணியின் பபிள் ஸ்கிரீன் (உள்ளே நிற்கும் ரிசீவர் வளைந்து பந்தைப் பிடிக்கும் ஸ்கிரீன்) ஏன் திரும்பத் திரும்ப யார்டு இழப்பில் முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ளவே பணம் கட்டினேன். பாதி விடை கிடைத்தது.

தொடக்கப் பகுதி, இந்த ஆட்டம் கல்லூரி மைதானத்தில் ஏன் இவ்வளவு செழித்தது என்பதைத் தெளிவாக விளக்குகிறது. மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி மைதானத்தில், ஆட்டம் தொடங்கப் பந்து வைக்கப்படும் பகுதியின் இரு எல்லைகளான ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி இருக்கிறது. தொழில்முறை லீக்கிலோ அந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான். எனவே கல்லூரி ஆட்டத்தில் பந்து ஒரு ஹாஷ் கோட்டின்மேல் வைக்கப்படும்போது ஒருபுறம் 60 அடியும் மறுபுறம் 100 அடியும் மிஞ்சுகின்றன. அந்த 100 அடிப் பரப்பில் மூன்று ரிசீவர்களை நிறுத்தினால், அவர்களை எதிர்கொள்ளத் தடுப்பணி தன் ஆட்களைப் பிரித்து அனுப்பியே ஆக வேண்டும். இதனுடன் விதியும் சேர்ந்துகொள்கிறது: எறியப்படும் பந்து, ஆட்டம் தொடங்கும் இடத்தில் இரு அணிகளுக்கும் நடுவே உள்ள கோட்டைத் தாண்டாத வரையில், அதைப் பிடிப்பதற்கு முன்பே மற்ற ரிசீவர்கள் கோட்டுக்கு அப்பால் சென்று பிளாக் செய்யக் கல்லூரி விதி இடமளிக்கிறது. பந்து கோட்டைத் தாண்டிவிட்டாலோ அதே பிளாக் 15 யார்டு தண்டனைக்குரிய குறுக்கீடாகிவிடுகிறது. பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் அதை ஓரிரு அடி முன்னே எறிந்த பிழைக்காகத் தண்டனையின் பழி ரிசீவர்மேல் விழுவதை ஒரு காட்சியில் நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள்.

தொகுப்பின் உயிர் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. ஸ்டாக் பிளாக் எனப்படும், எதிராளியின் முன்னே நின்று அவர் அசைவுக்கு அசைவு ஈடுகொடுக்கும் பிளாக்கை அது அடியிலிருந்து பிரித்துச் சொல்கிறது. பெரும்பாலான ரிசீவர்கள் செய்யும் தவறு, ஏழு யார்டு தள்ளி நிற்கும் கார்னர்பேக்கை (ரிசீவரைக் காக்கும் எதிரணி ஆட்டக்காரர்) நோக்கி முழு வேகத்தில் ஓடி, கடைசி இரண்டடியில் தலையைக் கவிழ்த்து, தோளால் மோதப் பாய்வது. தலை கவிழ்ந்த கணத்தில் கார்னர்பேக் ஒரு காலை உள்ளே வைத்து விலகிவிடுகிறார். ரிசீவர் புல்லைத் தழுவிக் கிடக்கிறார். பார்வையாளர் கண்ணுக்கு இது முயற்சியாகத் தெரியும், ஆனால் பந்து வைத்திருப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. தொகுப்பு சொல்லும் முறை வேறு: இடைவெளியை வேகமாகக் குறைத்து, நெருங்கியதும் அடிகளைச் சுருக்கி, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளி முதலில் ஒரு பக்கம் முடிவெடுக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே கைகளை அவருடைய மார்புக்கூட்டுக்குள் கட்டைவிரல் மேல்நோக்க வைக்க வேண்டும். கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு, கால்களை மட்டும் கொண்டு எதிராளியை மறித்து நிற்கும் பயிற்சியை, பாதங்கள் மட்டும் தெரியும்படி கீழிருந்து படம்பிடித்திருக்கிறார்கள். நன்றாகச் செய்பவரின் குதிகால்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. தடுமாறுபவருக்கு ஒவ்வொரு முறையும் கால்கள் ஒட்டிக்கொண்ட மறுநொடியில்தான் எதிராளி கடந்து போகிறார். இந்த ஒரு காட்சிக்கே கட்டிய பணம் சரியாகிவிட்டது என்பேன்.

கைகள் மார்புக்கூட்டுக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதையும் நன்றாகச் சொல்கிறார்கள். எதிராளி விலகி ஓடும்போது சட்டை இழுபட்டு நீள்வதை நடுவர் பார்க்கிறார், 10 யார்டு தண்டனை வருகிறது. எதிராளி தோளைக் கடந்துவிட்டால் விட்டுவிட வேண்டும், பின்னாலிருந்து தள்ளக் கூடாது என்ற அறிவுரை சலிக்கும் அளவுக்குத் திரும்ப வருகிறது; முதுகில் தள்ளுவதற்கும் அதே 10 யார்டு என்பதால் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறை மூன்றாம் பகுதியில் தொடங்குகிறது. தோற்றுப்போன பிளாக்குகளின் காட்சிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னணிக் குரல் ஏறக்குறைய ஒரே தீர்ப்பையே வழங்குகிறது: இவருக்கு பிளாக் செய்ய மனமில்லை. அவற்றுள் ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அகலமான பக்கத்தில் மூன்று ரிசீவர்கள் நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர் பின்வாங்கி வளைந்து பந்தைப் பிடிக்க வேண்டும், மற்ற இருவர் பிளாக் செய்ய வேண்டும். பந்து எடுக்கப்படுவதற்குச் சற்று முன் தடுப்பணியின் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டி ஒருவர் பின்னிருந்து இறங்கி வருகிறார். இப்போது தடுக்க வேண்டியவர்கள் மூவர், தடுப்பவர்கள் இருவர். வெளியே நிற்கும் ரிசீவர் கார்னர்பேக்கைப் பார்க்கிறார், சேஃப்டியைப் பார்க்கிறார், அரை அடி தயங்குகிறார்; அதற்குள் இருவருமே அவரைத் தாண்டிவிடுகிறார்கள். தயங்கியது உண்மைதான், ஆனால் அந்தத் தயக்கத்துக்கு மனத்தைக் காட்டிலும் கணக்கே காரணம். ஆள் மிகுந்துவிட்டால் பந்துக்கு மிக அருகில் இருக்கும் ஆபத்தான ஆளை முதலில் எடு, தொலைவில் இருப்பவரைப் பந்து வைத்திருப்பவரே ஏமாற்றிக்கொள்ளட்டும் என்பது இந்த ஆட்டத்தில் பழகிய எல்லோருக்கும் தெரிந்த விதி. தொகுப்பு அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது. யாரைத் தடுப்பது என்று தெரியாதவருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று எவ்வளவு கற்றுக்கொடுத்தாலும் ஸ்கிரீன் பிழைக்காது.

மனமின்மை என்ற குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. இன்று பல அணிகள் ஸ்கிரீனை ஓட்டத்துடன் இணைத்தே ஆடுகின்றன. தடுப்பணியின் நிலையைப் பார்த்துப் பந்தை உள்ளே ஓடுபவரிடம் கொடுப்பதா, வெளியே எறிவதா என்று குவார்ட்டர்பேக் அந்த நொடியில் முடிவுசெய்கிறார். பந்து தங்கள் பக்கம் வருமா என்பது தெரியாமலே ரிசீவர்கள் ஒவ்வொரு முறையும் பிளாக் செய்ய வேண்டியிருக்கிறது. பந்து தொடர்ந்து உள்ளேயே போய்க்கொண்டிருந்தால் அடுத்த முறை கால்கள் மெத்தனமாவது மனித இயல்பு. பந்து வெளியே வரும் ஆட்டம் பெரும்பாலும் அதுவாகவே அமைந்துவிடுகிறது. இதைப் பற்றி ஒரு நல்ல பயிற்சியாளர் நிறையச் சொல்லியிருக்க முடியும். தொகுப்பு இதைத் தொடவே இல்லை.

விதி சார்ந்த ஒரு பிழை இன்னும் கவலைக்குரியது. தடுப்பணியின் நடுவரிசையில் நிற்கும், உருவத்தில் பெரிய லைன்பேக்கர் எதிரே வந்தால் அவருடைய முழங்காலை நோக்கித் தாழப் பாயலாம் என்று ஒரு பழைய காட்சி பரிந்துரைக்கிறது. 2022 முதல் கல்லூரி ஆட்டத்தில் டேக்கில் பெட்டிக்கு (பந்தை ஒட்டி முன்வரிசை ஆட்டக்காரர்கள் நிற்கும் பகுதி) வெளியே இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வது தடைசெய்யப்பட்டுவிட்டது; ரிசீவர் அதைச் செய்தால் 15 யார்டு போய்விடும், எதிராளியின் முழங்காலும் போய்விடலாம். எதிராளி பார்க்காத பக்கத்திலிருந்து வலுவாக மோதுவது 2019 முதல் தண்டனைக்குரியது என்பதைச் சரியாகக் குறிப்பிடும் தொகுப்பு, இதை மட்டும் எப்படி விட்டுவைத்தது என்பது விளங்கவில்லை. விற்பவர்களுக்கு எழுதினேன். அந்தப் பகுதி திருத்தப்படும் என்று கண்ணியமாகப் பதில் வந்தது. இதை எழுதும் நாள்வரை பழைய காட்சியே ஓடுகிறது.

முன்வரிசை ஆட்டக்காரர்களான லைன்மேன்கள் முன்னே ஓடிவர, ரிசீவர் உள்நோக்கி வெட்டிவரும் டனல் ஸ்கிரீனுக்கு ஒரு சிறு பகுதி உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை. கார்னர்பேக் முகத்துக்கு நேரே நெருங்கி நிற்கும் சூழ்நிலை அதைவிட வேகமாகக் கடந்துபோகிறது. இளம் ரிசீவர்கள் அதிகம் திணறுவது அங்கேதான் என்பதால் அது இன்னும் விரிவாக இருந்திருக்க வேண்டும்.

புதிதாக பிளாக் பழகும் ரிசீவரும் அவரைப் பழக்குபவரும் இரண்டாம் பகுதிக்காகவே இதை வாங்கலாம். ஆள் எண்ணிக்கையையும் யாரை எடுப்பது என்ற முடிவையும் அவர்கள் தங்கள் அணியின் ஆட்டப்பதிவுகளை வைத்துத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். என்னைப் போன்ற ரசிகருக்கு ஒரு மாதச் சந்தா இருந்தால் போதுமானதாக இருந்திருக்கும், ஆனால் ஆண்டுச் சந்தா மட்டுமே விற்கிறார்கள்.