வீட்டு சோலாரைக் கண்காணிக்க எது தோது? கம்பெனி ஆப், கிராஃபனா, ஹோம் அசிஸ்டென்ட்

2024இல் பிஎம் சூர்யா கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனபிறகு, பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும் மாடிக்கு மாடி பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. மாட்டிக்கொடுக்க வருகிறவர்கள் போகும்போது போனில் ஒரு ஆப்பைப் போட்டு, "இதுல எல்லாமே தெரியும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒழுங்காக ஓடும்வரை தெரியத்தான் செய்கிறது. கோளாறு வரும்போதுதான் அதில் எதெல்லாம் தெரியாது என்பது புரியும்.

எங்கள் வீட்டில் 3 கிலோவாட் ஹைப்ரிட் இன்வர்ட்டர் (பேனல், பேட்டரி, ஈபி லைன் மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது), 51.2 வோல்ட் லித்தியம் பேட்டரி. கம்பெனி ஆப், இன்ஃப்ளக்ஸ்டிபி – கிராஃபனா கூட்டணி (முன்னது எண்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ், பின்னது அதை வரைபடமாகக் காட்டுவது), ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் பார்க்கவும் இயக்கவும் வீட்டிலேயே ஓடும் இலவச மென்பொருள்) மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சொன்னதில் நின்றுவிட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

கம்பெனி ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலவசம், நம் பக்கம் ஒரு வேலையும் இல்லை, வாரன்டிக்குப் பேசும்போது அவர்கள் பார்ப்பதும் அதைத்தான். ஆகவே கழற்றிப் போடாதீர்கள். ஆனால் என் ஆப் காட்டுவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண். அதுவும் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் நம் போனுக்குத் திரும்ப வர வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போனதை நாம் பார்த்தோம். பேட்டரியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டியது அப்படிப்பட்ட ராத்திரியில்தான். ஆப் கையை விரிப்பதும் அன்றைக்குத்தான்.

ஐந்து நிமிட எண்ணில் என்ன குறை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெயில் நன்றாக அடிக்கிற மதிய வேளையில் உற்பத்தி திடீரென்று பூஜ்யமாகி, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வரும். ஆப்பில் 'கிரிட் வோல்டேஜ் அதிகம்' (கிரிட் என்பது ஈபி லைன்; வோல்டேஜ் எல்லை தாண்டினால் இன்வர்ட்டர் தானே நின்றுகொள்ளும்) என்று ஒரு வரி, அவ்வளவுதான். லைனில் வோல்டேஜ் கூடுதல், ஈபியில் எழுதிக்கொடுங்கள் என்றார்கள் சோலார்க்காரர்கள். இன்வர்ட்டரிலிருந்தே நேராகப் படித்து, பத்து விநாடிக்கு ஒருமுறை பதியும் என் கிராஃப் வேறு கதை சொன்னது. இன்வர்ட்டர் வெளியே தள்ளும் ஆம்பியர் ஏற ஏற வோல்டேஜும் கூடவே ஏறுகிறது. மேகம் வந்து ஆம்பியர் இறங்கினால் அந்த நொடியே வோல்டேஜும் இறங்குகிறது. லைன் மட்டும்தான் காரணம் என்றால் எங்கள் வீட்டு மேகத்துக்கு அது இப்படி ஆடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 12 ஆம்பியர் போகும் நேரத்தில் அளக்கச் சொன்னேன். இன்வர்ட்டர் முனையில் 253, ஈபி மீட்டர் பக்கம் 246. நடுவே ஏழு வோல்ட் காணாமல் போகிறது. அதாவது எண்பது வாட்டுக்கு மேல் எங்கோ சூடாக எரிகிறது. ஏசி ஐசோலேட்டரை (இன்வர்ட்டருக்கும் மீட்டருக்கும் நடுவே இருக்கும் துண்டிப்பு ஸ்விட்சை) திறந்தால் ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தது, அதைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. ஐசோலேட்டரை மாற்றியதோடு அந்த மதியத் தூக்கம் நின்றது.

சரி, இந்தப் பத்து விநாடிப் பதிவுக்கு ஹோம் அசிஸ்டென்ட்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. இன்வர்ட்டரின் ஆர்எஸ்485 என்ற தகவல் முனையிலிருந்து இரண்டு ஒயர், ஒரு யுஎஸ்பி கன்வர்ட்டர், ஒரு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுக் கணினி), இன்வர்ட்டர் பேசும் மாட்பஸ் மொழி வழியாக எண்களைப் படிப்பது, இதுவரை கிராஃபனாவுக்கும் ஹோம் அசிஸ்டென்ட்டுக்கும் ஒன்றே. (எண் எதுவும் வரவில்லை என்றால் முதலில் ஏ, பி ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெட்டுப்போகாது.) அழகு என்று பார்த்தால் கிராஃபனாதான் ஒரு படி மேல். போன ஆடியையும் இந்த ஆடியையும் ஒரே படத்தில் மேலே மேலே போட்டுப் பார்ப்பதெல்லாம் அதில் சுகம். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் நமக்கு இங்கே மழை இல்லாவிட்டாலும் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். உற்பத்தி ரம்பப் பல் மாதிரி இருக்கும். அதைக் கிராஃபனாவில் பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் விட்டேன்? பராமரிப்பு. என் கணக்கில் மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வீட்டு சோலார் இருபது இருபத்தைந்து வருடம் நிற்கப்போகிற சாமான். அதைப் பார்த்துக்கொள்கிற மென்பொருளை அத்தனை வருடமும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். கிராஃபனா வழியில் படிக்க ஒன்று, சேமிக்க ஒன்று, படம் போட ஒன்று என்று மூன்று தனித்தனி மென்பொருள்கள். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மாறும். இன்ஃப்ளக்ஸ்டிபியையே எடுத்துக்கொள்ளுங்கள்: சேமித்ததைக் கேட்டு வாங்க முதல் பதிப்பில் ஒரு வினவல் மொழி, இரண்டாவதில் ஃப்ளக்ஸ் என்று புதிதாக ஒன்று, மூன்றாவதில் அந்த ஃப்ளக்ஸே கிடையாது. ஃப்ளக்ஸைக் கற்றுக்கொண்டு டேஷ்போர்டு (வரைபடங்கள் அடுக்கிய திரை) கட்டியவர்கள் மேம்படுத்த வேண்டுமென்றால் மறுபடி எழுத வேண்டும். வேலையிலேயே இதைச் செய்பவருக்கு அது ஒரு சனிக்கிழமை மதியம். நமக்கு, ஒருமுறை நின்றால் நின்றதுதான். பேக்கப்பும் அப்படியே: டேட்டாபேஸ் ஒரு பக்கம், டேஷ்போர்டு ஒரு பக்கம், கட்டமைப்புக் கோப்பு ஒரு பக்கம்.

ஹோம் அசிஸ்டென்ட்டில் எல்லாம் ஒரு குடைக்குள். பேக்கப் ஒரே கோப்பு. ராஸ்பெரி பை எரிந்துபோனாலும் புதிதாக ஒன்றை வாங்கி, முதல் திரையிலேயே அந்தக் கோப்பைக் கொடுத்தால் பழையபடி எழுந்துவிடும். பேக்கப்பைப் பூட்டிவைக்கும் சாவியை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் கோப்பு இருந்தும் பிரயோஜனமில்லை. 2021 ஆகஸ்டில் சேர்ந்த எனர்ஜி டேஷ்போர்டு சோலார், பேட்டரி, கிரிட் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. நான் எதையும் வரைய வேண்டியதில்லை.

அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. மாதாமாதம் புதுப் பதிப்பு வரும், சில சமயம் பழையது ஏதாவது உடையும். நான் வந்த அன்றே ஏற்றுவதில்லை, வெளியீட்டுக் குறிப்பில் மாட்பஸ் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாதக் கடைசியில் ஏற்றுகிறேன். எஸ்டி கார்டில் ஓட்டவே கூடாது. ஓயாமல் எழுதி எழுதி அது செத்துப்போகும், சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டுவிடுங்கள். நுணுக்கமான பதிவு இயல்பாகப் பத்து நாள்தான் இருக்கும், அதற்கப்புறம் மணிக்கணக்கிலான சுருக்கம் மட்டும் மிஞ்சும். கோளாறு தேடுகிறவருக்குப் பத்து நாள் போதாது. நான் இன்வர்ட்டர் எண்களில் தேவையானதை மட்டும் பதியச் சொல்லி, நாட்களைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

கிராஃபைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் தென்னை ஓலையோ தண்ணீர் டேங்கோ நிழல் போடுகிறது. தெளிவான நாளில் வளைவு முழுவதும் தாழ்ந்திருந்தால் தூசி. ஆடிக் காற்றுக்குப் பிறகு இதைப் பார்க்கலாம், ஒரு பக்கெட் தண்ணீரில் சரியாகிவிடும். அம்மாவுக்கு இந்த வளைவெல்லாம் வேண்டாம். "ஏலே, இப்ப மோட்டார் போடலாமா?" என்ற கேள்விக்கு அடுப்படி டேப்லெட்டில் ஒரு பச்சை வட்டம் வைத்திருக்கிறேன். சோலார் மிச்சமிருந்தால் பச்சை. 

பேட்டரி விஷயத்தில் எனக்கு அனுபவம் கம்மி. ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் (என் பேட்டரி அந்த வகை) வோல்டேஜ் நடுவில் தட்டையாகவே போகும் என்பதால் சதவீதம் வோல்டேஜைப் பார்த்துச் சொல்வதில்லை, போன வந்த ஆம்பியரை எண்ணிச் சொல்வது. ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் முழு சார்ஜ் ஏறாமல் போனால் அந்த எண்ணிக்கை வழி தவறுகிறது. 40 என்று காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று விழும். முழுக்க ஏற்றினால் மறுபடி சரியாகிறது. செல்களுக்குள் வித்தியாசமும் சார்ஜ் நிறைகிற நேரத்தில் நன்றாக வெளிப்படும். ஆகவே பிஎம்எஸ்ஸிலிருந்து (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காவல் காக்கும் போர்டு) பதினாறு செல் வோல்டேஜையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். பல பிஎம்எஸ்கள் ப்ளூடூத்தில் தருகின்றன, ஈஎஸ்பி32 என்ற சின்ன வயர்லெஸ் போர்டு ஒன்று படித்துவிடும்.

விக்ட்ரான் கம்பெனி இன்வர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு வீனஸ் ஓஎஸ் என்ற அவர்களுடைய மென்பொருள் தனி வழியாக உண்டு. ராஸ்பெரி பையிலும் ஓடும். நான் தொட்டதில்லை.

இதெல்லாம் நமக்கு ஆகாது என்றால் கம்பெனி ஆப்போடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை. மாதம் ஒருநாள் ஈபி மீட்டரில் இறக்குமதி, ஏற்றுமதி இரண்டு ரீடிங்கையும் காலண்டரில் எழுதி வையுங்கள். ஆப்பில் உற்பத்தியையும் பாருங்கள்: 3 கிலோவாட் என்றால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 12 யூனிட் வர வேண்டும். மாசி, பங்குனியிலேயே எட்டுக்குக் கீழே நின்றால், ஆப் கோளாறு எதுவும் சொல்லாவிட்டாலும் ஆளைக் கூப்பிடுங்கள்.