பேண்ட் சா பிளேடு: நாமே தீட்டுவதா, சாணைக்கு அனுப்புவதா, கார்பைடு வாங்குவதா?

இரண்டு சக்கரங்களில் வளையமாகப் பிளேடு ஓடும் பேண்ட் சாவில் எட்டு அங்குல உயரத் தேக்குக் கட்டையைப் பலகையாகப் பிளக்கும்போது பிளேடு மழுங்கத் தொடங்கியது தள்ளுகிற கைக்குத்தான் முதலில் தெரியும். அடுத்து, துருவலாக விழுந்த தூள் மாவாக மாறும். பிறகு பலகை வயிறு வைத்து வரும்: பிளேடைப் பிடித்து நிறுத்தும் மேல் கைடுக்கும் மேசைக்கும் அருகில் அறுப்பு கோட்டிலேயே இருக்கும், நடுவில் மட்டும் விலகியிருக்கும். கூர் போன பல் மரத்தைக் கடிக்காததால் நாம் கூட அழுத்துகிறோம். அந்த அழுத்தத்தில் பட்டை பின்னுக்கு வளைந்து நடுவில் திரும்பிக்கொள்கிறது.

அறுப்பு முழுக்க ஒரே பக்கம் இழுத்தால் அது வேறு கோளாறு. ஒரு பக்கப் பற்கள் மட்டும் ஆணியில் பட்டிருக்கலாம், கட்டையை ஒட்டித் தள்ளும் ஃபென்ஸ் சாய்ந்திருக்கலாம், அல்லது பற்களை இடமும் வலமுமாக வளைத்துவிட்ட ‘செட்’ சமமில்லாமல் இருக்கலாம். பிசின் அப்பிய பிளேடும் மழுங்கியதைப் போலவே நடந்துகொள்ளும். அதனால் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

இங்கே பேசுவது 14 முதல் 18 அங்குலச் சக்கரம் உள்ள பட்டறை மெஷினைப் பற்றி. பிளேடு முக்கால் அல்லது ஒரு அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல், கொக்கிப் பல்.

கார்பன் ஸ்டீல் பிளேடு, கைக் கிரைண்டர்

விலை குறைந்த பிளேடு இதுதான். பற்கள் மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும், பட்டை மென்மையாக இருக்கும். அந்தப் பற்களில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். செயின் சா தீட்டும் 4.8 மி.மீ. உருளைக் கல்லை டிரெமல் மாதிரியான சிறு கிரைண்டரில் மாட்டினால்தான் வேலை நடக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கீழ்ச் சக்கரப் பெட்டியில் இருக்கும் மரத்தூளை வழித்தெடுத்து, டஸ்ட் கலெக்டர் குழாயையும் கழற்ற வேண்டும். தீப்பொறி நேராக அங்கேதான் விழும். உலர்ந்த தூளில் கனன்று, ஆள் வீட்டுக்குப் போன பிறகு எரியும். பிளேடைத் தளர்த்த வேண்டாம். பின்னால் ஒரு மரக்கட்டையைக் கிளாம்ப் போட்டு முட்டுக் கொடுத்து, முதல் பல்லில் மார்க்கரால் குறியிட்டு, சக்கரத்தைக் கையால் நகர்த்திக்கொண்டே போகலாம். கல் பல்லின் முகத்தையும் அதன் கீழிருக்கும் பள்ளத்தையும் ஒரே வீச்சில் தொட வேண்டும், ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நுனி நீலம் பூத்தால் அந்தப் பல்லின் கடினம் போய்விட்டது. கல் பட்டைக்குக் குறுக்கே நேர்கோணத்தில் நிற்பதும் முக்கியம். சாய்வாகப் பிடித்தால் எல்லாப் பல்லும் ஒரு பக்கம் சரிந்து, புதுக் கூரோடு பிளேடு கோணலாக ஓடும்.

105 அங்குல பிளேடில் 315 பல். பல்லுக்கு மூன்று விநாடி வைத்தாலே பதினாறு நிமிடம், நகர்த்தும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணி. சோம்பலில் பலர் பல்லின் முதுகை மட்டும் தட்டிவிட்டுப் போவார்கள். சீக்கிரம் முடியும், உடனே கூரும் வரும். ஆனால் பல்லின் உயரம் குறைகிறது. கை அழுத்தம் மாறிய இடங்களில் உயரம் ஏறி இறங்குகிறது. பிறகு உயரமான பற்கள் மட்டும் வேலை செய்யும், மற்றவை சும்மா சுற்றும்.

செட்டும் கூடவே போகும், ஏனென்றால் வளைவு இருப்பது நுனிப் பகுதியில்தான். 0.6 மி.மீ. கனப் பட்டையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.3 மி.மீ. செட் இருக்கும். மூன்று நான்கு முறை தீட்டியதும் அறுப்புக்குள் பட்டை உரசிச் சூடாகும். கடினமான நுனியைப் பிளையரால் வளைத்தால் ஒடியும். அந்தக் கட்டத்தில் தூக்கிப்போடுவதே மேல்.

பை-மெட்டல், சிபிஎன் சாணை

ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையின் விளிம்பில் எட்டு விழுக்காடு கோபால்ட் கலந்த எம்42 எஃகை வெல்டு செய்து பல் வெட்டியிருப்பார்கள். வெப்பத்தைத் தாங்கும், கார்பனைவிட நெடுநாள் கூர் நிற்கும். கைக் கல்லால் தீட்டுவது இதில் இழுபறி. சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான பொருள்) சக்கரம் உள்ள ஆட்டோமேட்டிக் சாணைக்கு அனுப்புவதுதான் சரி.

இந்த முறையின் லாபம் கூரில் மட்டும் இல்லை. பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. அந்த அலுப்பில் பல்லிடைப் பள்ளத்தில் மயிரிழை விரிசல்கள் விடும், பிளேடு அறுந்துபோவது அங்கிருந்துதான். சக்கரம் முகம், பள்ளம், முதுகு மூன்றையும் ஒரே ஓட்டத்தில் எண்ணெய்க்குள் தேய்ப்பதால் அந்த மேல்தோலும் விரிசலோடு போய்விடுகிறது. கைக் கிரைண்டரில் இது முழுமையாக வராது.

ஆனால் சக்கரத்தின் வடிவம் மாறாது. 10/30 என்றால் முகச்சாய்வு 10 பாகை, முதுகுச்சாய்வு 30 பாகை. 4/32 பிளேடை அதில் ஏற்றினால் பள்ளத்தின் வடிவமே கெட்டுவிடும். கொடுக்கும் முன் எந்தச் சக்கரம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். செட் பார்ப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும். பார்க்காவிட்டால் பாதி வேலைதான். முழுக்க மழுங்கும்வரை ஓட்டிவிட்டு அனுப்பினால் கூடுதல் இரும்பு தேய வேண்டியிருக்கும், பிளேடின் ஆயுள்தான் குறையும்.

கார்பைடு

தேக்கில் சிலிக்கா இருக்கிறது, தென்னையிலும் உண்டு. கார்பன் பல் இவற்றில் சீக்கிரம் தோற்கும். புதுத் தேக்கை நாள் முழுக்கப் பிளக்கிறவர்களுக்கும் மெல்லிய வெனீர் எடுக்கிறவர்களுக்கும் கார்பைடுக்கு நிகர் இல்லை. பல்லின் நுனியில் பற்றவைத்த கடினமான கார்பைடுத் துண்டு பட்டையைவிட அகலமாக இருப்பதால் பல வகைகளில் செட்டே கிடையாது. மேற்பரப்பு வழவழப்பாக வரும். விலை பல மடங்கு. தீட்ட வைரச் சக்கரம் வேண்டும், அது எல்லா ஊரிலும் இல்லை. 0.9 மி.மீ. கனப் பட்டையை 14 அங்குலச் சக்கரத்தில் ஓட்டினால் கூர் இருக்கும்போதே பட்டையில் விரிசல் விழும். 18 அங்குலத்துக்குக் கீழே கார்பைடு யோசிப்பதற்கு எச்சரிக்கை வேண்டும்.

இன்னொரு பகை ஆணி. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து வரும் பழைய தேக்குத் தூணிலும் உத்திரத்திலும் தலை உடைந்த ஆணி உள்ளே புதைந்திருக்கும், மேலே ஒரு கறுப்புக் கறைதான் தெரியும். மெட்டல் டிடெக்டரால் தடவிய பிறகும் ஒன்றிரண்டு தப்பும். கார்பைடு நுனி அதில் பட்டால் சிதறும். அங்கே கார்பன் பிளேடுதான் என் தேர்வு: போனால் போகட்டும், மிச்சமிருந்தால் தீட்டிக்கொள்ளலாம். சுத்தமான புதுமரம், அகலமான பிளேடு, பக்கத்தில் சாணைக்காரர் என்று அமைந்தவர்களுக்குப் பை-மெட்டல். அவர்கள் மூன்று நான்கு பிளேடு வாங்கிச் சுழற்சியில் ஓட்டுவது நல்லது. இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றி, கழற்றியதைச் சுருட்டித் தொங்கவிடலாம். மெஷினிலேயே விட்டால் இரவில் டென்ஷனைத் தளர்த்தியாக வேண்டும்.