பக்கத்து வீட்டில் அடிதடி: தற்காப்புக் கலை தெரிந்தவர் உள்ளே போகலாமா?

இரவு பதினொன்றரை இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் குரல் உயர்ந்தது. அப்புறம் நாற்காலி இழுபட்டது. அப்புறம் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து நிற்காமல் உருண்டது. அது நின்றதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதுதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுப் பெரியவரும் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். "தம்பி, நீங்கதானே ஜூடோ எல்லாம் கத்துக்கிட்டவரு. நீங்க போய்க் கேளுங்க. நாங்க போனா என்ன பண்ண முடியும்?" என்றார்.

பதினாறு வருஷப் பயிற்சியில் இதற்கு எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. பயிற்சிக்கூடத்தில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி உண்டு. "கத்துக்கிட்டது எதுக்கு, வேடிக்கை பார்க்கவா?" என்பது ஒன்று. "புருஷன் பொண்டாட்டி சண்டையில மூணாவது ஆள் நுழையக் கூடாது" என்பது இன்னொன்று. நுழைவது, ஒதுங்குவது என்று இரண்டே வழிதான் இருப்பதுபோல இரு கட்சியும் பேசுகின்றன. இடையில் வேறு வழிகளும் இருக்கின்றன. அவற்றை நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: நான் திரும்பி வந்து என் கதவைச் சாத்திய பிறகு, அடுத்த அரை மணி நேரம் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும்? நான் ஜெயித்தேனா தோற்றேனா என்பது இந்தக் கணக்கில் வராது.

அடி வாங்குபவர் ஆணாகவும் இருக்கலாம், வயதான பெற்றோராகவும் இருக்கலாம். இங்கே பெண் என்றே எழுதுகிறேன், நான் சுவர் வழியே கேட்டதெல்லாம் அதுதான் என்பதால். வெறும் வாய்ச்சண்டையையும் இந்த அலசலில் சேர்க்கவில்லை. யார் கரண்ட் பில் கட்ட மறந்தார்கள் என்ற சத்தத்துக்கெல்லாம் எழுந்து போகிறவர் வம்புக்காரர்.

சும்மா இருப்பது

இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பெரும்பாலோர் பயத்தால் மட்டும் ஒதுங்குவதில்லை. 1976இல் ஷாட்லண்ட், ஸ்ட்ரா என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல நடிப்பு. அந்தப் பெண் "நீ யாருன்னே எனக்குத் தெரியாது" என்று கத்தியபோது, பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். "உன்னை ஏன்தான் கட்டிக்கிட்டேனோ" என்று கத்தியபோது 19 சதவீதம் பேர்தான். அடி அதே அடி, அலறலும் அதே அலறல். தாலி கட்டியவன் என்று நினைத்த மாத்திரத்தில் முக்கால்வாசிக் கால்கள் நின்றுவிட்டன.

மனிதர்கள் பொதுவாகவே வேடிக்கை பார்ப்பவர்கள் என்று சொல்லவும் முடியாது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆய்வாளர்கள் பார்த்தபோது, பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே வந்திருந்தார். அவையெல்லாம் பொது இடங்கள். வீட்டுச் சண்டைக்குக் கதவு என்று ஒன்று இருக்கிறது, "குடும்ப விஷயம்" என்ற சொல் ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அடிப்பவருக்குத்தான் காவல் நிற்கின்றன.

என் அரை மணி நேரக் கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தால், உள்ளே என்ன நடந்துகொண்டிருந்ததோ அதுவே தொடரும். வெளியே நாலு வீட்டில் விளக்கு எரிந்தும் யாரும் வரவில்லை என்பதை அடிப்பவரும் கவனிப்பார், அடி வாங்குபவரும் கவனிப்பார்.

போலீசைக் கூப்பிடுவது

அடி நடக்கிறது என்று தெரிந்தால் இது வேறு எந்த வழியோடும் போட்டி போடாது, கூடவே நடக்க வேண்டியது. ஆயுதம் தெரிந்தால், குழந்தை அலறினால், பெண்ணின் சத்தம் பாதியில் வெட்டியதுபோல நின்றால் வேறு யோசனையே வேண்டாம், முதலில் போன். குறை ஒன்றுதான். வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்களை அது நிரப்பாது. போனில் "சண்டை போடுறாங்க" என்று சொன்னால் எடுப்பவருக்கு அது நூற்றில் ஒன்று. "அடிக்கிற சத்தம் கேட்குது, அந்தம்மா காப்பாத்துங்கன்னு கத்துறாங்க, உள்ளே ரெண்டு குழந்தை, மூணாவது மாடி, இடப்பக்கக் கதவு" என்று சொன்னால் நிலைமை அவருக்குப் புரியும்.

கதவைத் தட்டுவது

என் ஓட்டு இதற்குத்தான். 2008இல் இந்தியாவில் 'பெல் பஜாவோ' என்று ஒரு பிரசார இயக்கம் தொடங்கியது. "மணியை அடி" என்று பொருள். பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அழுத்துங்கள் என்பதே அதன் செய்தி. உள்ளே போய் நியாயம் கேட்க வேண்டாம், ஏதாவது ஒரு சாக்குச் சொன்னால் போதும். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது உள்ளே தெரிந்துவிடும்.

சாதாரணமாகத் தெரிகிற இந்த வழியில்தான் பயிற்சி பெற்றவரின் பயிற்சி மிக அதிகமாகப் பயன்படுகிறது என்று நினைக்கிறேன். காரணம் அடி உதை இல்லை. ஒரு கோபக்காரர் முகத்துக்கு நேரே கதவைத் திறக்கும்போது, மூச்சு ஏறாமல், குரல் நடுங்காமல், "சார், உங்க வீட்டுல தண்ணி வருதா? எங்க பக்கம் நின்னுடுச்சு" என்று கேட்க உடம்பு பழகியிருக்க வேண்டும். கூடத்தில் எத்தனையோ பேர் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள், அதனால் ஒருவர் முறைப்பது நமக்குப் புது விஷயம் இல்லை.

நிற்கிற விதமும் முக்கியம். கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக, ஒரு கை நீளத்துக்கு அப்பால். கைகள் இரண்டும் மார்பளவில், உள்ளங்கை தெரியும்படி, ஏதோ விளக்கிச் சொல்வதுபோல. பார்ப்பவருக்கு அது பணிவாகத் தெரியும், ஆனால் முகத்தைக் காக்க அதைவிட நல்ல இடம் கைகளுக்குக் கிடையாது. கால்களை விறைப்பாக அகட்டி வைத்தால் நாம் எதற்கு வந்தோம் என்பதைக் கால்களே சொல்லிவிடும். பெல்ட் வாங்கியதும், மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அந்த வாசலில் யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால் அது சவால் ஆகிவிடும். கூட ஒருவர் வருவது நல்லது. அன்றைக்குப் பெரியவரை நான் விடவில்லை. "நீங்களும் வாங்கய்யா, பின்னாடி நில்லுங்க, போனைக் கையில வச்சுக்குங்க" என்று கூட்டிப்போனேன்.

இதற்கும் பின்விளைவு உண்டு. "நீதான் சத்தம் போட்டு ஊரைக் கூட்டின" என்று கதவு சாத்தியபின் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கலாம். அதனால்தான் சாக்கு என் வீட்டுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். "என்னங்க சத்தம்?" என்று கேட்டால் பழி அவர்மேல் விழும். தண்ணீர் நின்றது என்றால் யார்மேலும் விழாது. பத்து நிமிடம் கழித்து, "மோட்டர் ரூம் சாவி உங்ககிட்ட இருக்கா?" என்று மறுபடி ஒரு தடவை தட்டலாம். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அந்த அரை மணி நேரம் இப்படித்தான் கழியும்.

கை வைப்பது

உயிருக்கு ஆபத்து கண்ணுக்கு முன்னால் தெரியும்போது மட்டும். கதவு திறந்திருக்கிறது, அவர் அவளைக் கீழே போட்டு மேலே உட்கார்ந்திருக்கிறார் என்றால் தண்ணீர் வருதா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்த நிமிடத்தில் எந்தக் கலை உதவும்?

பாக்ஸிங், கராத்தே, டேக்வாண்டோ பழகியவருக்குத் தூரம் வேண்டும். வீட்டுக்குள் தூரம் கிடையாது. சோபா, கட்டில், கதவு நிலை, நடுவில் ஒரு குழந்தை. குத்து சரியாக விழுந்தாலும் அது நிறுத்துவதற்கான கருவி இல்லை, காயப்படுத்துவதற்கானது. போலீஸ் வரும்போது மூக்கு உடைந்து ரத்தத்தோடு நிற்பவர் கணவர், உடைத்தவர் நீங்கள். முதல் பார்வையில் குற்றவாளி யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிடிப்புக் கலைகளுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. 1882இல் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியபோது, அடி உதையை, இருவர் முழு பலத்தோடு மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார். அதனால் எதிராளி முழு பலத்தோடு திமிறும்போது அவரைப் பிடித்துவைப்பதை ஒரு ஜூடோக்காரர் தினமும் பழகியிருப்பார். பின்னாலிருந்து கையோடு சேர்த்து அணைத்து, இரண்டடி இழுத்து, சுவரோடு வைத்து நிறுத்துவது நடக்கக்கூடிய காரியம்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தூக்கிப் போடுவதை மறந்துவிடுங்கள். பயிற்சி மெத்தையில் விழுபவருக்கு எப்படி விழ வேண்டும் என்று ஆறு மாதம் சொல்லிக் கொடுத்த பிறகுதான் அவரைத் தூக்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியாது, கீழே இருப்பது டைல்ஸ். பின்மண்டை அதில் மோதினால் அன்றிரவு நடந்தது குடும்பச் சண்டையாக முடியாது. தரையில் உருண்டு பிடிப்பதும் ஆபத்துதான். சமையலறை நாலடி தள்ளி இருக்கிறது, அங்கே கத்தி இருக்கிறது, உங்கள் இரண்டு கைகளும் ஒரே ஆள்மேல் இருக்கின்றன. காப்பாற்றப் போன பெண்ணே "அவரை விடுங்க" என்று உங்கள் முதுகில் அடிக்கலாம். அதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை. நாளைக்கும் அவர்களுக்கு அதே வீடுதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அடுத்தவரைக் காப்பாற்றத் தேவையான அளவு பலத்தைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. சிக்கல் "தேவையான அளவு" என்ற சொல்லில் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் அதைத் தாண்டினால், தெரியாமல் செய்தேன் என்று சொல்வது கஷ்டம். கருப்பு பெல்ட் வாங்கியவரின் கைகளை ஆயுதமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று கூடங்களில் ஒரு கதை சுற்றும். பெரும்பாலும் கட்டுக்கதைதான். ஆனால் அமெரிக்காவின் கீழ் உள்ள குவாம் தீவின் சட்டப் புத்தகத்தில் கராத்தே, ஜூடோ வல்லுநர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிஜமாகவே எழுதியிருக்கிறது.

கழுத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூடோவிலும் ஜியு-ஜிட்சுவிலும் கழுத்து நெரிப்பு அன்றாடப் பயிற்சி. நூறு தடவை நெரிபட்டிருப்போம், போதும் என்று கையால் தட்டினால் விட்டுவிடுவார்கள், எழுந்து சிரிப்போம். அந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றும். பக்கத்து வீட்டில் கணவர் மனைவியின் கழுத்தைப் பிடித்தார் என்றால், "கழுத்தைத்தானே பிடிச்சாரு" என்று தோன்றிவிடும். தட்டினால் விடாத கை அது. கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் சரியாக அழுந்தினால் பத்து நொடிக்குள் நினைவு தப்பும். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, துணைவரிடம் அடி வாங்கும் பெண்களில் கழுத்து நெரிக்கப்பட்டவர்கள் பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். வெளியே தடயமே இல்லாமல் போகலாம். குரல் கரகரப்பது, விழுங்க வலிப்பது, கண்ணில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை.

மறுநாள்

யாரும் கணக்கில் சேர்க்காத வழி இது. முந்தைய இரவு வீரம் காட்டியவர் மறுநாள் படிக்கட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார், சங்கடம். ஆனால் அரை மணி நேரத்தைத் தாண்டிப் பயன் தருவது இது மட்டுமே. கணவர் இல்லாத நேரம், தனியாக, முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண் ஒருவர் மூலமாக. "ராத்திரி சத்தம் கேட்டுச்சு. எப்ப வேணும்னாலும் எங்க கதவைத் தட்டலாம்" என்றால் போதும். "அவரை விட்டுட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரிந்து போகிற சமயம்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தான சமயம். போவதாக இருந்தால் எங்கே, யாரோடு, என்றைக்கு என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும், அதற்கென்றே வேலை செய்பவர்களின் துணையோடு.

கணவரைத் தனியே மடக்கி "ஜாக்கிரதை" என்று மிரட்டி வைக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். செய்யலாம், நமக்குத் திருப்தியாக இருக்கும். அன்றைக்கு ராத்திரி அதற்கான வட்டியை யார் கட்டுவார் என்று கேட்டேன், பேசாமல் இருந்தார்.

அந்த இரவு கதவைத் திறந்த கணவருக்கு மூச்சு இரைத்தது. தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, வருகிறது என்றார். மோட்டர் சாவிக்கு இன்னொரு முறை போனேன். அப்புறம் சத்தம் இல்லை. மூன்று வாரம் கழித்துப் படிக்கட்டில் அந்த அக்கா என்னை நிறுத்தினார்.

"அன்னைக்கு உங்க வீட்டுல நிஜமாவே தண்ணி வரலையா தம்பி?"

"வந்துச்சுக்கா."

"தெரியும்" என்றார். அப்புறம் என் மனைவியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, வேறு ஏதோ ஒரு பெயரில் பதிந்துகொண்டார்.