ஒரே கல்லூரி நூலகத்தில் 12 வருடம்: பயன்படுத்தியதும் தெரியாமல் விட்டதும்

இளங்கலை 3 வருடம், முதுகலை 2, ஆய்வு 4, இப்போது அதே கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கி 3. ஆக மொத்தம் 12 வருடமாக ஒரே நூலகத்தில் உறுப்பினராக இருக்கிறேன். நம் நூலகம் எப்படி என்று ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன், இந்த முறை உட்கார்ந்து முழுசாகவே எழுதிவிடுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் 5 வருடம் நான் அங்கே செய்தது புத்தகம் எடுப்பது, திருப்பிக் கொடுப்பது, பரீட்சை நேரத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பது, கிட்டத்தட்ட அவ்வளவுதான். மற்றதில் பெரும்பாலானது ஆய்வுக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. அதில் முக்கால்வாசி முதல் வருட மாணவருக்கும் அன்றைக்கே கிடைத்திருக்கும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அலமாரியிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் நூலகத்தில் டூயி தசம முறைப்படி, அதாவது பாடத்துக்கேற்ற எண் கொடுத்து அடுக்கியிருக்கிறார்கள், மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட முறை. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் அழைப்பு எண் ஏதோ ஆபீஸ் கணக்குக்காகப் போட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முதுகலை ப்ராஜெக்ட்டுக்குப் புள்ளியியல் புத்தகம் தேவைப்பட்டது. யாரோ 519.5 என்று சொல்ல, அங்கே போய் நின்றால் எல்லாம் கணிதத்துறைக்காரர்கள் படிக்கிற மாதிரி பக்கத்துக்குப் பக்கம் நிரூபணம். நான்கு நாள் அதே அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டுக் கவுன்ட்டரில் இருந்த நூலகர் எழுந்து வந்தார். "இங்க உனக்கு ஒத்து வராதும்மா, 001.42-ல ஆராய்ச்சி முறைகள் இருக்கு, சமூக அறிவியலுக்குன்னு எழுதினது 300.72-ல வரும், உளவியல் பசங்களுக்கு எழுதினது 150-க்குப் போயிடும், எது புரியுதோ அத எடு" என்றார். ஒரே பாடம் நான்கு இடத்தில் இருக்கிறது, யாருக்காக எழுதப்பட்டதோ அந்த எண்ணுக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு 300.72-ல் எடுத்த புத்தகம் என் ப்ராஜெக்ட்டையே காப்பாற்றியது. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைத் தேடிப் போனாலும் அதற்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து முதுகையும் படித்துவிட்டுத்தான் நகர்வது. கணினியில் தேடினால் கேட்டது மட்டும்தான் வரும், அலமாரியில் கேட்கத் தெரியாததும் பக்கத்திலேயே நிற்கும்.

அப்புறம் இன்னொன்று, புரட்டிப் பார்த்த புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் செருகாதீர்கள், மேஜையிலேயே விட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செருகுகிறோம், ஆனால் இரண்டு தட்டு தள்ளி வைத்துவிட்டால் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரைக்கும் அது தொலைந்த புத்தகம் மாதிரிதான், கணினி 'உள்ளது' என்று காட்டும், அலமாரியில் இருக்காது. மேஜையில் கிடப்பதை எங்கள் ஊழியர்கள் ஸ்கேன் செய்து, உள்ளேயே எத்தனை முறை படிக்கப்பட்டது என்றும் கணக்கு வைக்கிறார்கள். அடுத்த வருடம் எந்தத் துறைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்யும்போது அந்தக் கணக்கும் பார்க்கப்படுகிறது.

ஓபாக் பற்றி, அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியல் பற்றி, எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. எங்களுடையது கோஹா மென்பொருளில் ஓடுகிறது, 2000-ல் இலவசமாக வெளிவந்த திறமூல மென்பொருள், மென்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை தமிழ்ப் புத்தகங்களைப் பதிந்த விதத்தில். பழைய பதிவுகள் எல்லாம் ரோமன் எழுத்தில் இருக்கின்றன, அதுவும் ஆளுக்கொரு விதமாக. சங்க இலக்கியம் என்று தேட வேண்டும் என்றால் சகரத்துக்கு எஸ் போட்டு ஒருமுறை, நூலகவியல் ஒலிபெயர்ப்பில் சகரத்துக்கு சி எழுத்து வரும் என்பதால் அதைப் போட்டு ஒருமுறை, கடைசியில் 'ம்' சேர்த்து ஒருமுறை, ககரத்தை ஒற்றையாகவும் இரட்டையாகவும் போட்டு இன்னும் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு புத்தகம் வரும். மொத்தமாக இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்து ஒரு மாணவி தலைப்பையே மாற்றிக்கொண்டாள், அலமாரியில் அவளுக்குத் தேவையான 6 புத்தகங்கள் அப்படியே இருந்தன. அதனால் தமிழ்ப் புத்தகம் தேடுபவர்கள் ஓபாக்கை மட்டும் நம்ப வேண்டாம், நேராக 894.811-க்குப் போய்விடுங்கள், தமிழ் இலக்கியம் அங்கேதான். தமிழ் எழுத்திலேயே பதிந்தால் கோஹா அழகாகத் தேடித் தருகிறது, புதிதாக வாங்குகிறவற்றை இப்போது அப்படித்தான் பதிகிறார்கள். பழையவைதான் பாக்கி.

மின் இதழ்கள் விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம். வளாகத்தில் உட்கார்ந்து கட்டுரையைத் திறந்தால் முழு பிடிஎஃப் வருகிறது, வீட்டில் அதே லிங்க் காசு கேட்கிறது, தளத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். கோளாறு ஒன்றுமில்லை, கல்லூரியின் இணைய இணைப்பிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் பதிப்பாளர் கதவைத் திறக்கிறார், அதற்கு நூலகம் சந்தா கட்டுகிறது. வெளியிலிருந்து பார்க்கத் தனி லாகின் உண்டு, மின்னஞ்சலில் கேட்டால் ஒரே நாளில் தந்துவிடுகிறார்கள். இது தெரியாமல் முதுகலை இரண்டு வருடமும் பென்டிரைவோடு அலைந்தேன். சந்தா என்பது வாடகை மாதிரி என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. ஆய்வின் மூன்றாம் வருடம் ஒரு டேட்டாபேஸின் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை, நான் வாரம் தவறாமல் பார்த்துவந்த 3 இதழ்கள் ஒரே நாளில் மூடிக்கொண்டன, பழைய இதழ்கள் உட்பட. பைண்டு செய்து வைத்த அச்சுத் தொகுதிகள் மட்டும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து தேவையான கட்டுரையைக் கண்ணில் பட்ட அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

கிடைக்காத கட்டுரைக்கும் வழி இருக்கிறது. நூலகங்களுக்கிடையே புத்தகமும் கட்டுரையும் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில், கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், வேறொரு நூலகத்திலிருந்து வாங்கித் தருகிறார்கள். நான் 40-க்கு மேல் கேட்டிருப்பேன், ஒரு நாளிலும் வந்திருக்கிறது, மூன்று வாரமும் ஆகியிருக்கிறது. அவசரம் என்றால் அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆசிரியரே சட்டப்படி பொதுவில் வைத்த பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும்.

இத்தனை சேவையில் எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், தேடலில் உதவ நூலகர் உட்காரும் ரெஃபரன்ஸ் மேஜையில் கழித்த 20 நிமிடம் என்பேன். ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் என் தேடலுக்கு 18,000 முடிவுகள் வந்தன. அங்கிருந்த நூலகர் மேடம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உன் கேள்விய ஒரு வாக்கியமா சொல்லு" என்றார். சொன்னேன். அதில் மூன்று கருத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு என்னென்ன சொல் புழங்குகிறது என்று தாளில் எழுதி, ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே 'ஆர்' (அல்லது), கருத்துகளுக்கு நடுவே 'ஆண்ட்' (மற்றும்), சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு மேற்கோள் குறி என்று கட்டினார். 140 முடிவுகள் வந்தன, அதில் பாதிக்கு மேல் எனக்கு வேண்டியவை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், என் மாணவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஜொடெரோ என்ற மென்பொருளில் மேற்கோள்களைச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வேறு சில உண்டு. மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் என் ஆய்வேட்டின் முதல் வரைவு 31 சதவீதம் காட்டியபோது இரவு தூக்கம் போனது, மறுநாள் நூலகத்தில் துணைநூற்பட்டியலையும் மேற்கோள்களையும் விலக்கி ஓட்டிக் காட்டினார்கள், 9 வந்தது. அந்த எண் எவ்வளவு வரி ஒத்துப்போகிறது என்றுதான் சொல்கிறது, திருட்டா இல்லையா என்று ஆள்தான் படித்துப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் ஆர்க்கிட் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 2012-லிருந்து இருக்கிறது, இலவசம், 16 இலக்கம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மற்றொன்றில் அப்பா பெயர் முழுசாக விரிந்துவிடும். டேட்டாபேஸில் நான் மூன்று பேராக இருந்தேன், அந்த எண்ணைச் சேர்த்த பிறகுதான் ஒருவரானேன்.

பார்வையற்ற நண்பர் ஒருவருக்காகக் கேட்டபோதுதான், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் போட்ட கணினி ஒன்று மூலையில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. என்விடிஏ மென்பொருள், தமிழும் வாசிக்கும். ஆனால் வெறும் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பையும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கோப்புகளையும் அதனால் அப்படியே சரியாக வாசிக்க முடியாது, எங்கள் மின் களஞ்சியத்தில் பழைய தமிழ் ஆய்வேடுகள் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கின்றன. இதைச் சரிசெய்யாமல் கணினி மட்டும் வைத்து என்ன பயன்? கோபமாகவே இருக்கிறது.

1931-ல் எஸ்.ஆர். ரங்கநாதன் எழுதிய 5 நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்துவிட்டு 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். எங்கள் நூலகத்தில் நேரத்தை மிச்சப்படுத்தும் சேவைகளை ஆய்வாளர்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கே எதைத் தேடுவது என்றே தெரியாமல் வரும் முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு உறுப்பினர் அட்டையும் அரை மணி நேரச் சுற்றிக்காட்டலும்.

போன மாதம் நூலகக் குழுவுக்கு மூன்று கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். பழைய தமிழ்ப் பதிவுகளில் தமிழ் எழுத்திலும் தலைப்பைச் சேர்ப்பது, வெளியிலிருந்து பார்க்கும் லாகினைக் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே எல்லா மாணவர்களுக்கும் கொடுப்பது, முன்பதிவு விழுந்த புத்தகத்தை ஆசிரியர்களிடமிருந்தும் 7 நாளில் திரும்பப் பெறுவது. முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள். மூன்றாவது துறைத்தலைவர்கள் கூட்டத்துக்குப் போயிருக்கிறது. ஆசிரியர்கள் செமஸ்டர் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்பது இப்போதைய விதி, என் அறையிலும் 7 புத்தகங்கள் அப்படி இருந்தன. நேற்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுன்ட்டரில் ஸ்கேன் செய்யும்போதே இரண்டுக்கு முன்பதிவுச் சீட்டு வந்தது. ஒன்றைக் கேட்டு வைத்திருந்தது என் வகுப்பு மாணவன், ஜனவரியிலிருந்து.