நெல்லையில் அம்மாவுக்கு முதுகு ஆபரேஷன்: வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக

நரம்பு நசுங்கிக் கால்வலி வந்தால் மதுரைக்கோ வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால்தான் தீரும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. இந்த விடுமுறையில் அம்மாவுக்கு முதுகெலும்பில் நுண்துளை அறுவை சிகிச்சையைத் திருநெல்வேலியிலேயே முடித்துவிட்டுச் சார்ஜா திரும்பியிருக்கிறேன். வளைகுடாவில் இருக்கும் நம்ம ஆட்கள் பலர் வீட்டிலும் இதே நோவு உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா முக்கூடல் பக்கம். விவரம் தெரிந்த நாளிலிருந்து பீடி சுற்றியவள். மடியில் சுளகு, குனிந்த தலை, பொழுது சாயும்வரை அதே இருப்பு. போனில் கேட்டால் "எனக்கென்ன மக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். பக்கத்து வீட்டுச் சித்திதான் விஷயத்தைச் சொன்னாள்: பீடிக்கடைக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்காராமல் அவளால் போக முடியவில்லை. நேரில் கேட்டபோது அம்மா சொன்னது இது: "நடந்தா ரெண்டு காலும் கனத்து மரத்துப் போவுது. செத்த நேரம் குனிஞ்சு உக்காந்தா சரியாயிருது."

டாக்டருக்கு அந்தப் பேச்சே பாதி நோயைச் சொல்லிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் குழாய் வயதாக ஆகக் குறுகும். எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கும், பின்பக்கத்து மஞ்சள் தசைநார் தடிக்கும், மூட்டுகளில் எலும்பு வளரும். நிமிர்ந்தால் இடம் இன்னும் சுருங்கும், குனிந்தால் சற்று விரியும். குனிந்து உட்கார்ந்ததும் கால் லேசாவது அதனால்தான்.

முதலில் போன தனியார் மருத்துவமனையைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு இடத்துல தேஞ்சிருக்கு, ஸ்குரூ போட்டுக் கம்பி வைக்கணும்" என்றார்கள். மதிப்பீட்டுச் சீட்டும் கையில் வந்துவிட்டது. அம்மாவை ஒரு எட்டு நடக்கச் சொல்லவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அறுபது வயது தாண்டியவர்களைப் படம் எடுத்தால் அநேகமாக எல்லோருக்கும் ஏதாவது தேய்மானம் தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வது சரியில்லை என்று பட்டது. சீட்டை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் பாளையங்கோட்டையில் இருக்கும் நரம்பியல் அறுவை நிபுணர். எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அம்மாவிடம் "குதிகாலால நடங்க பாப்போம், இப்ப நுனிக்காலால" என்றார். படுக்கவைத்துக் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். பாதத்தின் மேல்பக்கம் நாடி ஓடுகிறதா என்று தடவினார். காலில் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடக்கும்போது வலிக்குமாம். ஆனால் அந்த வலி சும்மா நின்றாலே அடங்கிவிடும், உட்காரத் தேவையில்லை. அப்புறம் முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் இரண்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு ஒன்றன்மேல் ஒன்று நழுவினால் கம்பி தேவைப்படலாம். அம்மாவுக்கு நழுவல் இல்லை. இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே நெருக்கம், அவ்வளவுதான். அந்த இடத்தை அகலப்படுத்தினால் போதும், கம்பி வேண்டாம் என்றார்.

உடனே கத்தியையும் எடுக்கவில்லை. மாத்திரை, உடற்பயிற்சி, முதுகில் ஊசி என்று ஏற்கெனவே பார்த்தாயிற்றா என்று கேட்டார். அதையெல்லாம் அம்மா உள்ளூரில் பார்த்து முடித்திருந்தாள். எண்ணெய் தேய்ப்பும் நடந்திருந்தது. வட்டு பிதுங்கி வரும் திடீர் கால்வலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானே தணியும், எல்லோருக்கும் ஆபரேஷன் எதற்கு என்றார். அம்மாவுடையது அந்த வகை இல்லை. நடக்கும் தூரம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது.

ஆபரேஷன் எப்படி என்பதை எனக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினார். நடுமுதுகுக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஏறக்குறைய 2 செ.மீ. கீறல். சமையலறையில் டம்ளர்களை அடுக்குவதுபோல, மெல்லிய குழாய்மேல் அடுத்த குழாயாகப் போட்டுத் தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டே போவது. கடைசிக் குழாய் 18 மி.மீ. வாய் அகலம். சரியான எலும்புதானா என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்வது, மைக்ரோஸ்கோப் வழியே கொஞ்சம் எலும்பைக் கடைந்து தடித்த தசைநாரை எடுப்பது, ஒரு பக்கத்திலிருந்தே சாய்ந்து மறுபக்க நரம்பையும் விடுவிப்பது. இந்தக் குழாய் முறை 1990களின் பிற்பகுதியில் வந்ததாம். கைதேர்ந்தவர் செய்தால் பழைய திறந்த முறையிலும் கால்வலி இதே அளவுக்குத் தீரும். சின்னத் துளையில் லாபம் ரத்தம் குறைவாகப் போவது, ஆரம்ப நாட்களின் வலி குறைவது, சீக்கிரம் எழுந்து நடப்பது என்றார். நரம்பு உறை கிழிந்து நீர் கசியலாம், புண்ணில் கிருமி வரலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் ஒப்படைத்தேன்.

சர்க்கரை இறங்கும்வரை தேதி தரவில்லை. இதயத்துக்காக அம்மா சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். சாயங்காலமே நர்ஸ் வந்து "ஆச்சி, மெதுவா எந்திரிங்க, கையப் பிடிச்சுக்கிடுங்க" என்று நிற்கவைத்துவிட்டார். மறுநாள் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உட்காராமல் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பில் அந்த முதல் மதிப்பீட்டில் பாதிகூட இல்லை. கம்பி, ஸ்குரூ செலவு இல்லாததுதான் பெரிய காரணம்.

பணம் பற்றி இரண்டு விஷயம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலோ முதலில் கேளுங்கள். எங்களுக்கு அது பொருந்தவில்லை. தனியார் காப்பீடு எடுப்பதென்றால் பெற்றோர் நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முதுகெலும்பு வட்டு நோய்களுக்கு வழக்கமாக இரண்டு ஆண்டு காத்திருப்பு வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு சண்டை முழுக்கச் சுளகைப் பற்றித்தான். சில வாரம் தரையில் உட்காரக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அம்மா கேட்டால்தானே? கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி, எதிரில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சுளகு என்று ஏற்பாடு செய்தோம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தைச் சுற்றி வர வேண்டும். கழிப்பறையையும் உட்காரும் வகைக்கு மாற்றினோம். இதை ஆபரேஷனுக்கு முன்பே செய்து வைப்பது நல்லது. கொத்தனார் நம் விடுமுறைக்குள் கிடைப்பது லேசில்லை.

ஒன்றைத் தயவுசெய்து உங்கள் வீட்டில் சொல்லி வையுங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ அது காத்திருக்கும் வலி இல்லை. அன்றைக்கே 108ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். நம் அம்மாக்கள் இதைப் பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். தங்கச்சியிடமோ சித்தியிடமோ விசாரிக்கச் சொல்லி வையுங்கள்.

அம்மாவுக்குக் கால்விரலில் மரத்த உணர்ச்சி இன்னும் முழுசாகப் போகவில்லை. நாள்பட நசுங்கிய நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும், கொஞ்சம் தங்கியும்விடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த முறை காட்டத் தங்கச்சி கூட்டிப் போகிறாள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எம்.ஆர்.ஐ. சிடி எல்லாவற்றிலும் ஒரு பிரதி அவளிடமும் இன்னொன்று என்னிடமும் இருக்கின்றன.