அதிமதுரத் தூள் பக்கெட்: வேர் நல்லது, உறையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்

மட்டக்களப்பில் இப்போது நாட்டு மருந்துக்கடை என்றில்லை, பலசரக்குக் கடையில்கூட அதிமதுரத் தூள் பக்கெட் தொங்குகிறது. நான் வாங்கியது டவுனில் ஒரு கடையில். 100 கிராம், பச்சை உறை, முன்பக்கம் வயிற்றின் படம், பின்பக்கம் மூன்று வரி: "அல்சர் பூரண குணம். விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டது. பக்கவிளைவு அறவே இல்லை." கம்பனியின் பெயரை எழுதவில்லை. இதே மூன்று வரியை வேறு உறைகளிலும் பார்த்துவிட்டேன், ஒருவரை மட்டும் பிடித்து அடிப்பதில் பிரயோசனம் இல்லை.

என்னைக் கேட்டால் முதல் வரி ஆசை, இரண்டாவது வரியில் உண்மை இருக்கிறது, மூன்றாவது சுத்தப் பொய். அது பொய்யாகிப் போவதற்குக் காரணமே இரண்டாவது வரியில் உள்ள உண்மைதான். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சாமானைப் பார்ப்போம்.

உறையை வெட்டினால் மங்கிய மண்ணிறத் தூள், கொஞ்சம் கட்டி பிடித்திருந்தது. நல்ல அதிமதுரத் தூள் மஞ்சள் ஓடியிருக்கும், நாக்கில் வைத்த உடனே இனிப்பு ஏறி, விழுங்கின பிறகும் தொண்டையில் நிற்கும், கடைசியில்தான் லேசாகக் கசக்கும். இதில் இனிப்பு வந்தது, ஆனால் நிற்கவில்லை, பல்லில் மண் நெருநெருத்தது. காலாவதித் திகதி அச்சு விரல் பட்டாலே அழிகிறது. ஆயுர்வேதத் திணைக்கள அனுமதி இலக்கம் என்று ஏதும் கண்ணில் படவில்லை. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு "காலை மாலை ஒரு தேக்கரண்டி, தேன் அல்லது பாலில்" என்று ஒரு வரி. எத்தனை நாளைக்கு, யார் எடுக்கக் கூடாது, வேறு குளிசை குடிப்பவர்கள் என்ன செய்வது என்று ஒரு சொல் இல்லை.

சந்தேகம் வந்ததால் காத்தான்குடிக்குப் போய், பிரதான வீதியில் மருந்துச் சரக்கு விற்கிற பழைய கடையொன்றில் வேராகவே கேட்டேன். கடைக்கார நானா சாக்கில் கையை விட்டு விரல் தடிப்பில் ஒரு துண்டை எடுத்து முறித்தார். தட்டென்று உடையவில்லை, நார் நாராகப் பிரிந்தது. வெளியே சுருங்கிய மண்ணிறத் தோல், உள்ளே நல்ல மஞ்சள். "கடிச்சிப் பாருங்க தம்பி, இனிப்பு நிண்டு வரணும்" என்றார். நின்றது. சும்மா ஒரு கேள்விக்கு, வீட்டில் அம்மாவுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். "பிரஷர் இருக்கா அவங்களுக்கு? இருந்தா நான் குடுக்கிறல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு வியாபாரி தன் சாமானை விற்க மாட்டேன் என்று சொன்னதைக் கேட்டு எத்தனை காலம்! உறையில் இருந்திருக்க வேண்டிய ஒரே வசனம் அதுதான். அதை வாயால் சொல்ல ஒரு மனுசன் வேண்டியிருக்கிறது.

வீட்டில் வேரைக் காயவைத்து அரைத்து, இரண்டு தூளையும் இரண்டு சின்னப் போத்தல் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். இந்த வேரில் இருக்கும் கிளிசிரைசின் என்ற பொருள்தான் இனிப்புக்கும் காரணம் (சீனியைவிட 50 மடங்கு அளவுக்கு இனிப்பு என்பார்கள்), நுரைக்கும் காரணம். நானா கொடுத்த வேரின் தூள் சவர்க்காரத் தண்ணீர் மாதிரி நுரைத்து, நுரை அப்படியே நின்றது. பக்கெட் தூளின் நுரை கொஞ்ச நேரத்தில் வடிந்துவிட்டது. இது ஆய்வுகூடப் பரிசோதனை இல்லை, சரி. ஆனால் பழைய சரக்கோ கலப்படமோ என்று யோசிக்க இது போதும். அதிமதுரச் செடி நம் நாட்டில் விளைவதில்லை, எல்லாம் வெளியிலிருந்து வருகிற காய்ந்த சரக்கு. குன்றிமணி வேரை இதற்குப் பதிலாகத் தள்ளிவிடுவதும் நெடுநாள் பழக்கம். தூளாக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்?

இனி "விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டது".

வேர் மருந்துகளைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது எலிதான். எலிகளை ஒரு நாள் பட்டினி போட்டு, வேரின் சாற்றை முதலில் கொடுத்து, பிறகு மதுசாரமோ இண்டோமெதசின் போன்ற வலிக்குளிசையோ கொடுத்து வயிற்றைப் புண்ணாக்குவார்கள். அல்லது இரைப்பையின் கீழ் வாயை நூலால் கட்டி அமிலத்தைத் தேங்க விடுவார்கள். பிறகு இரைப்பையை வெட்டி விரித்து, புண்களை எண்ணி அளந்து, ஒமேப்ரசோல் அல்லது ரனிடிடின் என்ற அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்த எலிகளோடு ஒப்பிடுவார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு, நன்னாரி எல்லாம் இந்தப் பரீட்சை எழுதியவைதான். பயனுள்ள வேலை, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் மருந்தைக் கொடுத்த பிறகுதான் புண்ணை உண்டாக்குகிறார்கள், அதாவது தடுக்கிறதா என்று பார்க்கிறார்கள், வந்த புண்ணை ஆற்றுகிறதா என்று இல்லை. இரண்டாவது, மனிதருக்கு அல்சர் வருவது முக்கியமாக ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலும் வலிக்குளிசைகளாலும். கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். மதுசாரம் ஊற்றிய எலியின் வயிற்றில் அந்தக் கிருமிக் கதையே கிடையாது.

அதிமதுரம் மட்டும் எலியோடு நிற்கவில்லை, அதனால்தான் இந்த வேரை நான் மதிக்கிறேன். 1940களில் ரெவர்ஸ் என்ற நெதர்லாந்து டொக்டர் அதிமதுரச் சாற்றை வயிற்றுப்புண் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், குணம் தெரிந்தது. கூடவே ஐந்தில் ஒருவர் அளவுக்கு உடம்பு வீங்கியதையும் 1946இலேயே எழுதி வைத்தார். பிறகு வேரில் உள்ள பொருளிலிருந்து கார்பெனொக்சலோன் என்ற மருந்தை பிரித்தானியாவில் செய்தார்கள். 1962இல் அதை நோயாளிகளில் முறையாகச் சோதித்தவர் ரிச்சர்ட் டோல், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அதே ஆள். இரைப்பைப் புண் வேகமாக ஆறியது, முன்சிறுகுடல் புண்ணில் அந்தளவு பலன் இல்லை. 1976இல் அமிலம் குறைக்கும் சிமெடிடின் என்ற மருந்து வரும்வரை வயிற்றுப்புண்ணுக்கு டொக்டர்கள் எழுதிய உண்மையான மருந்து இது. நம்மட பரியாரிமார் கொடுத்த வேரில் சரக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, அது எப்படி வேலை செய்கிறது? வயிற்றின் உள்தோலைக் காக்கிற சளிப்படலத்தைக் கூட்டுகிறது. அதே நேரம் சிறுநீரகத்தில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அடக்கி வைக்கும் ஒரு நொதியை அமுக்கிவிடுகிறது. அடங்காத கோர்ட்டிசோல் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. கால் வீங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் நன்றாக இறங்கினால் தசை சோரும், இதயத் துடிப்பே தடுமாறும். வீக்கத்தைத் தடுக்க ஸ்பைரனோலாக்டோன் என்ற தண்ணீர் போக்குகிற குளிசையைக் கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் நின்றது, புண் ஆறுவதும் நின்றுவிட்டது! கிளிசிரைசினை எடுத்துவிட்டு மிச்ச வேரைக் கொடுத்தும் பார்த்தார்கள், 1969இல் செய்த சோதனையில் பலன் தெரிந்தது, 1978இல் செய்ததில் தெரியவில்லை. ஆக, வேலை செய்கிற பகுதியும் கெடுதல் செய்கிற பகுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. "பக்கவிளைவு அறவே இல்லை" என்று எழுதுபவருக்கு ஒன்று இந்தச் சரித்திரம் தெரியாது, அல்லது உறைக்குள் இருப்பது அதிமதுரமே இல்லை.

கணக்குப் பார்ப்போம். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்கிறார்கள். அவர்களுடைய மருந்துத் தரநூல்படி நல்ல வேரில் குறைந்தது 4 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி தூள் 3 கிராம் என்று வைத்தால், காலை மாலை சேர்த்து 6 கிராம், அதில் 240 மில்லிகிராம். பக்கெட்காரர் சொல்கிறபடி குடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல். தூள் அசலாக இருந்தால்தான் இந்தக் கணக்கு, அதுவும் ஒரு வேடிக்கை.

இதைப் பெரிதாக எழுதுவதற்குக் காரணம் நம்மூர் நிலவரம். ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதாமாதம் பிரஷர் குளிசை எடுக்கும் அம்மாமார், அப்பாமார் இல்லாத வீடு குறைவு. சிலருக்குத் தண்ணீர் போக்குகிற குளிசையும் சேர்த்திருப்பார்கள், அது தானாகவே பொட்டாசியத்தைக் குறைக்கக் கூடியது. அதற்கு மேல் இந்தத் தூள், "நாட்டு மருந்துதானே" என்று டொக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். எங்கள் அம்மா நான் வாங்கிவந்த பக்கெட்டைக் கண்டதும், "எனக்கும் நெஞ்செரிவு மகன், ஒரு கரண்டி தாவன்" என்றுதான் கேட்டா. கொடுக்கவில்லை. கோபம்தான் அவவுக்கு. ஆனால் அவவின் நெஞ்செரிவுக்குக் காரணம் முழங்கால் வலிக்கு பார்மஸியில் சும்மா வாங்கி விழுங்குகிற டைக்ளோபினாக் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வயல் வேலைக்குப் போகிறவர்களும் உடம்பு நோவுக்கு இதைத்தான் வாங்குகிறார்கள். அதை நிறுத்தாமல் எந்த வேரைக் குடித்தும் பிரயோசனம் இல்லை.

எனக்கு எப்படி என்றால், பிரஷர் இல்லை, வேறு குளிசை இல்லை, நானாவின் வேரில் ஒரு சின்னத் துண்டைச் சப்புவேன், அல்லது தட்டி அவித்த தண்ணீரைக் கொஞ்சமாகக் குடிப்பேன். தொண்டைக்கு இதம், எரிச்சலும் குறைந்த மாதிரி இருந்தது. வெறும் வயிற்றில் சாயத்தண்ணி குடிப்பதையும் கொச்சிக்காயையும் அதே நேரம் குறைத்ததால், எதனால் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சமஹன் என்ற மூலிகைப் பானத் தூளைக் கரைத்துக் குடிப்பவர்களுக்கு இந்தச் சுவை பழக்கமானதுதான், அதிலும் அதிமதுரம் சேர்கிறது.

பிரஷர், இதய, சிறுநீரக நோய்க்காரர், பிள்ளைத்தாய்ச்சி, ஸ்டீரொய்ட் அல்லது டிகொக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர் இந்த வேரின் பக்கம் போக வேண்டாம். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ, இரத்தம் வாந்தி வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ கடைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்டொஸ்கொபி (குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) செய்து, கிருமி இருந்தால் இரண்டு வகை அன்ரிபயோட்டிக்கும் அமிலம் குறைக்கும் குளிசையும் சேர்த்து, வழக்கமாக 14 நாள் வரை தருவார்கள். கிருமி போய்விட்டால் புண் திரும்பி வருவது மிகவும் குறைவு. அந்த வேலையை அதிமதுரம் செய்யும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பக்கெட்டுக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் உறை கிழியாமல் வந்ததற்கு. வேருக்கு நாலு. தேவையென்றால் தூளாக வாங்காமல் வேராகவே வாங்குங்கள், முறித்துக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே மஞ்சள் இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். நிறுத்துத் தருவதால் 50 கிராமும் வாங்கலாம், பக்கெட்டைவிட மலிவாகவே முடிந்தது. காத்தான்குடிப் பக்கம் போவதென்றால் வெள்ளிக்கிழமை பகலில் போகாதீர்கள், ஜும்ஆ நேரம் கடை பூட்டியிருக்கும்.