வட்டக்களரியைப் பார்க்க ஒரு பழைய லப்டொப்

மட்டக்களப்புப் படுவான்கரையில், வட்டக்களரி என்ற வட்டமான களத்தில் நடந்த வடமோடி மரபுக் கூத்து அரங்கேற்றம் ஒன்றை விடிய விடிய நின்று ஒளிப்பதிவு செய்திருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கல்லடியில் வீட்டு மேசையில் வைத்து அதைப் போட்டுப் பார்த்தேன். பாத்திரம் களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தில் அருச்சுனனாக ஆடியவரின் வலது கால் நிலத்தை விட்டு எழும்பியது. அடுத்துப் பார்த்தால் இடது கால் மேலே நிற்கிறது. வலது கால் எப்போது இறங்கியது, எங்கே மிதித்தது என்பது திரையில் இல்லை. லப்டொப் அதை விழுங்கிவிட்டது. மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் மட்டும் பிசகாமல் ஒலித்தன. அவற்றையும் லப்டொப் விசிறியின் இரைச்சலுக்கு மேலாகக் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். சினிமா பார்க்கிறவருக்கு இரண்டு பிரேம், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களில் இரண்டு, தவறினால் ஒரு நட்டமும் இல்லை. தாளக்கட்டை, அதாவது ஆட்டத்துக்கான தாள அமைப்பை, பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய எனக்கு அது ஓர் அடி போனதற்குச் சமம். இந்த மதிப்புரை முழுவதும் அந்த ஒரு தேவையிலிருந்து எழுதப்படுகிறது. விசைப்பலகை எப்படி, பார்வைக்கு அழகா என்று அறிய விரும்புகிறவர்கள் மன்னிக்கவேண்டும்.

பொருள் இதுதான்: பாவித்த திங்க்பேட் டி460, 2016ஆம் ஆண்டு மாதிரி. இன்டெல் ஐ5-6300யூ, அதாவது ஆறாம் தலைமுறைச் செயலி, கணக்குப் போடும் கோர் இரண்டே இரண்டு. 8 ஜிபி நினைவகம், 1920க்கு 1080 திரை. 68,000 ரூபாய் கொடுத்தேன். விண்டோஸ் 11 கேட்கும் செயலிப் பட்டியலில் ஆறாம் தலைமுறை கிடையாது. விண்டோஸ் 10இன் ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவன் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தந்தான். தட்டச்சுக்கும் வினாத்தாளுக்கும் அன்றிலிருந்து ஒரு குறையும் இல்லை. வீடியோவில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தூசி என்றார்கள். திறந்து துடைத்து, செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த பசையையும் மாற்றினார்கள். 2,500 ரூபாய். அந்த வேலை சுத்தமான வேலை, குறை சொல்லமாட்டேன், இரைச்சல் கொஞ்சம் அடங்கவும் செய்தது. ஆனால் கால் திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை நினைவகம் போதாது என்று சொல்லி 16 ஜிபி ஆக்கினார்கள். 11,000 ரூபாய். கால் அப்போதும் வரவில்லை. மூன்றாம் முறை போனபோது, "ரீச்சர், ஃபோர்-கே எல்லாம் இந்தப் பழசில் ஓடாது" என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த புதியதொன்றின் விலைச் சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். அந்த வீடியோ என்ன வகைக் கோப்பு என்று மூன்று முறையும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த 11,000 ரூபாய் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

கேட்டவன் என் மாணவன்தான். தொலைபேசியில் சொன்னதும் அவன் முதலில் கேட்ட கேள்வி: "எதில் எடுத்தீர்கள் ரீச்சர்?"

சுவிஸில் இருக்கும் தம்பி விட்டுப்போன பழைய ஐபோன் 11இல் எடுத்தேன். அது ஃபோர்-கே வீடியோவை, அதாவது 1080 திரையைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள வீடியோவை, எச்.265 என்ற முறையில் சுருக்கி வைக்கிறது. செக்கனுக்கு 30 பிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு 170 மெகாபைட் பிடிக்கும் என்று அந்தப் போனின் அமைப்புப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 2003இல் வந்த எச்.264 முறையில் எடுத்தால் இதே தரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தை அப்படி எடுத்தால் சாதாரணப் போனில் இடம் காணாது. சுருக்கியதை விரிக்கும்போதுதான் அந்த மிச்சப்பட்ட இடத்துக்கான விலையைக் கொடுக்கிறோம். பெரும்பாலான பிரேம்களை முன்னும் பின்னும் உள்ள பிரேம்களிலிருந்து கணக்குப் போட்டுத்தான் மீட்கவேண்டும். இரண்டு கோர் அதை செக்கனுக்கு முப்பது தரம் செய்ய முயன்று, முடியாமல் சிலதைக் கைவிட்டது. நான் தேடிய கால் போன வழி அதுதான்.

இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே அதே செயலிக்குள், வரைகலைப் பகுதியோடு சேர்த்து, ஒரு தனிச் சுற்று இருக்கிறது. வேறு எதற்கும் உதவாது, இதை மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். என் லப்டொப்பில் அது வாங்கிய நாள் தொட்டுச் சும்மா கிடந்தது. இடியப்ப உரலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மாவைக் கையால் திரித்துக்கொண்டிருந்த கதை.

பாவித்தது வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் தலைமுறைக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம். இன்டெலில் ஆறாம் தலைமுறையின் தனிச் சுற்று எச்.264ஐயும் 8-பிட் எச்.265ஐயும் விரிக்கும் (பிட் கூடினால் நிறம் நுணுக்கமாகப் பதியும்). 10-பிட் எச்.265உம், யூடியூப் அதிகமாகக் கொடுக்கும் விபி9 என்ற முறையும் ஏழாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தன. ஏவி1 என்ற இன்னும் புதிய முறை வேண்டுமென்றால் பதினோராம் தலைமுறைக்குப் போகவேண்டும். இன்று வாங்குவதாக இருந்தால், விலை கொஞ்சம் கூடினாலும் நான் ஏழாம் தலைமுறையையோ எட்டாம் தலைமுறையையோதான் எடுப்பேன். ஏன் என்பது கீழே வருகிறது.

அமைத்த கதை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்கும். முதலில் தனிச் சுற்றை இயக்கும் மென்பொருளான இன்டெல் மீடியா ட்ரைவரை நிறுவினோம். ஐந்தாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் இதைப் பாவிக்கலாம், அதற்கு முந்தியவைக்கு ஐ965 என்ற பழைய ட்ரைவர். நிறுவியபின் விஏ-இன்ஃபோ என்ற சிறு கட்டளையை ஓட்டினால், தனிச் சுற்றுக்கு என்னென்ன தெரியும் என்று அதுவே பட்டியல் போடுகிறது. எச்ஈவிசி மெயின் என்ற வரிக்கு எதிரே விஎல்டி என்று நின்றால் எச்.265 விரிக்கத் தெரியும் என்று பொருள். எச்.265இன் மறுபெயர்தான் எச்ஈவிசி. எனக்கு நின்றது. 'மெயின் 10' என்ற வரி இல்லை. அந்த இல்லாமை அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தது பிளேயர். எம்பிவி என்ற இலவச மென்பொருளைப் போட்டான். வீடியோவைத் திறந்தேன், விசிறி பழையபடி இரைந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறகுதான் விளங்கியது, எம்பிவி தனிச் சுற்றைத் தானாகத் தொடாது. செயலி விரிப்பதே பிசகில்லாத வழி, அதற்கு முடியாதபோது மட்டும் மற்றதைப் பாவியுங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது. நியாயமான பேச்சு, கொஞ்சம் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம். வீடியோ ஓடும்போதே கண்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினேன்.

விசிறி உடனே நிற்கவில்லை. அரை நிமிடம் இரைந்து, பிறகு காற்றோய்ந்த வாவிபோல் அடங்கியது. ஐ விசையை அழுத்தினால் திரையில் விபரம் தெரியும். வீடியோ வரியில், தனிச் சுற்று வேலை செய்கிறது என்று காட்டும் விஏ-ஏபிஐ என்ற சொல் வந்திருந்தது, தவறிய பிரேம்களின் எண்ணிக்கை ஏறாமல் நின்றது. அதற்கு முன் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேல் தவறியிருந்தன. செயலியின் வேலை நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து பதினைந்துக்கு வந்தது, சூடு 91 பாகையிலிருந்து 63க்கு. பற்றரி ஒரு மணி நாற்பது நிமிடம் தாங்கியது, இப்போது மூன்று மணித்தியாலத்தைத் தாண்டுகிறது. மின்சாரம் போன இரவில் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தாமல் இருக்க, எம்பிவியின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதிவைத்தோம். அவ்வளவுதான்.

அருச்சுனனின் வலது கால் இறங்கியது. முன்பாதம் முதலில், குதி பிறகு.

எம்பிவியைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் கூத்துப் படிப்பிக்கிறவருக்கென்று யாரோ செய்ததுபோல் இருக்கிறது. பார்வைக்கு மொட்டை, பட்டியல் இல்லை, பெரிய பொத்தான் இல்லை. எல்லாம் விசைகளில். முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒரு பிரேம் முன்னே, கால்புள்ளியை அழுத்தினால் ஒரு பிரேம் பின்னே. பின்னே போவது மெதுவாகத்தான் நடக்கும், பொறுமை வேண்டும். எல் விசையை ஒரு தாளக்கட்டின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். சதுர அடைப்புக்குறியால் வேகத்தைக் குறைக்கலாம், பாட்டின் சுருதி இறங்காது. ஆல்ட் விசையோடு கூட்டல் குறியைச் சேர்த்தால் காட்சி பெரிதாகும், அதே ஆல்ட் விசையோடு அம்புக்குறியை அழுத்தி நகர்த்திக் கால்களுக்குப் போகலாம். 1080 திரைக்கு ஃபோர்-கே எதற்கு என்று கேட்கலாம், இதற்குத்தான். முழு வட்டக்களரியையும் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு வீட்டிலிருந்து சதங்கை வரைக்கும் கிட்டப் போகலாம். மிக விரைவான சுழற்சியில் முப்பது பிரேமும் காணாது, கால் புகைபோலத் தெரியும். அது எடுத்த முறையின் குறை, லப்டொப்பில் பழி போட முடியாது.

இனி முடியாதவை. அக்காவின் மகன் தன் ஐபோன் 13இல் மறுபக்கத்திலிருந்து எடுத்த அதே கூத்தைப் போட்டேன். விசிறி திரும்பவும் எழும்பியது. அந்தப் போன், வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கமாகப் பதியும் எச்டிஆர் முறையில், 10-பிட்டில் எடுத்திருக்கிறது. வராமல் போன அந்த 'மெயின் 10' வரி அப்போதுதான் உறைத்தது. இருந்ததை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு 8-பிட்டுக்கு மாற்ற ஓர் இரவு முழுக்கப் போயிற்று. இப்போது எடுக்கப் போகும் எல்லோரிடமும் கமெரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்கிறேன். ஏழாம் தலைமுறை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

யூடியூப் இன்னொரு தலையிடி. ஃபயர்ஃபொக்ஸ் 2023இல் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் இன்டெலின் தனிச் சுற்றைத் தானாகவே பாவிக்கிறது. ஆனால் யூடியூப் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1. இரண்டும் என் லப்டொப்பின் தனிச் சுற்றுக்கு விளங்காத பாஷை. எச்264-இஃபை என்ற நீட்சியைப் போட்டபின் எச்.264 வருகிறது, விசிறி பேசாமல் இருக்கிறது. 1080க்கு மேல் கிடைக்காது. என் திரையும் அவ்வளவுதான், ஆகவே கவலை இல்லை.

சென்ற கிழமை, அந்தக் கூத்தைப் பழக்கி மத்தளம் அடித்த அண்ணாவியாரை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர், ஒரு கண்ணில் புரை. பிள்ளைகள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் காணட்டும் என்று சிறிய புளூடூத் ஸ்பீக்கரை இணைத்திருந்தேன். திரையில் ஒரு பிரேமும் தவறவில்லை, விபரத்தைத் திறந்து இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், திறந்து பார்த்தார், திரும்ப மூடினார்.

"பிள்ளை, ஆள் மிதித்த பிறகு மத்தளம் வருகிறது. அன்றைக்கு நான் அப்படி அடிக்கவில்லை."

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புளூடூத்தில் சத்தம் பிந்துகிறதோ என்று அந்த ஸ்பீக்கரைக் கழற்றி, பழைய கம்பி ஸ்பீக்கரைச் செருகினேன். திரும்பவும் அதே வரவு. அவர் விரல் மேசையில் தட்டத் தொடங்கியது.

"இப்போது சரி" என்றார். "இந்தப் பெடியன் மூன்றாவது அடியைக் குறைத்து வைக்கிறான். அதைத் திரும்பப் போடு."